அண்ணி வைக்காத மருந்து

எழுபதுகளின் நடுவில், சித்தூரில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பாகாலா ரயிலில் நான் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்துகொள்வார்; அவ்வளவு பருமன். அதை நானே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். வீட்டில் மட்டும் ரகசியமாகப் பட்டினி. தட்டோடு கொல்லைக்குப் போவேன். அங்கே ஒரு தெருநாய் காத்திருக்கும். எலும்பு துருத்திய பிறகும் கண்ணாடியில் குண்டனாகவே தெரிந்தேன்.

கடைசியில் வயிறு மக்கர் செய்தது. ஒரு வாய் கஞ்சிக்கே தவில் மாதிரி உப்பும். குமட்டல், மலச்சிக்கல்.

அப்போதுதான் சூளூர்பேட்டையிலிருந்து அண்ணி புதிதாக வந்திருந்தாள். "வூட்ட கைக்குள்ள போட்டுக்க சோத்துல மருந்து வெச்சுட்டாடா!" என்றாள் அம்மா. அப்படி வைத்த மருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதுமுதல் அண்ணி கரண்டியை எடுத்தாலே அம்மா எட்டிப் பார்ப்பாள். நானும் ரசத்தை மோந்து பார்த்தேன், குடிக்கப் போவதில்லை என்றாலும்!

பங்காருபாளையத்தில், வயிற்றிலிருந்து அந்த மருந்தை எடுக்கிறவரிடம் குடும்பத்தோடு போனோம். "மருந்துன்னு தெரிஞ்சா இவள இன்னிக்கே அவங்க வூட்டுக்கு அனுப்பிடணும்" என்றார் நைனா. அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

மருந்து எடுக்கிறவர் என் வயிற்றை அழுத்தினார். "மருந்துதான். இவ கையால இன்னா துன்ன?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாம்பார் என்று சொன்னால் போதும், அண்ணிக்குச் சூளூர்பேட்டை ரயில்தான்.

"ஒண்ணுமே துன்னல. எல்லாத்தையும் நாய்க்குத்தான் போட்டுக்கினு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணிதான் அழுதுகொண்டே, "அதான் அந்த நாய் அப்படிக் கொழுத்துக் கீதா!" என்றாள்.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா, "வயித்த ரொம்ப நாள் காயப்போட்டா அது வேலையையே மறந்துடும். உப்புதேன்னு பயப்படாம கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடு" என்றார். பிறகு, "ஏம்ப்பா சாப்பிடல?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஜோக் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

வயிறு வழிக்கு வர மாதக்கணக்கானது. அண்ணி ஒவ்வொரு வேளையும் கஞ்சியை அம்மா பார்க்கும்படி முதலில் தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மருந்து இல்ல, குடி" என்று நீட்டுவாள்.

இன்றும் விருந்துகளில் யாராவது, "ரெண்டு வாய்க்கே வயிறு ரொம்பிடுச்சு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு எழுந்தால் நான் சிரிப்பதில்லை; அவர் தட்டைத்தான் பார்ப்பேன். சிரிக்க வைக்கிறவர்கள்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.