காட்ட முடியாத வார்த்தை

சொன்ன வார்த்தை ஊருக்குள் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்ட வேண்டும்; காட்ட முடியாமல் போனால், அதைக் கூட இருந்து பார்த்த ஒருவர் சாட்சி சொன்னால் போதும். இதுதான் விதி. வருவாய்த் துறையில் எத்தனையோ அரசாணைகளை, அவற்றின் ஓட்டைகளோடு சேர்த்தே மனப்பாடம் செய்து ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அங்கே பார்த்ததில்லை. இதை யாரும் எழுதி வைக்காததுதான் காரணமோ என்னவோ.

விதி பிறந்த இடம், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உடைந்ததையும் கோணியதையும் கொட்டிவைத்த மேடு. மழை ஓய்ந்த காலையில் அங்கே நடந்தால் வெறுங்காலுக்குக் கீழே சில்லுகள் கிணுகிணுக்கும். ஈரக் களிமண் வாசனையும் சூளைப் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறும். எந்தெந்த ஊர் ஓட்டல்களுக்கோ, கம்பெனிகளுக்கோ பெயர் அச்சிட்டுச் செய்த கோப்பைகள் அங்கே நொறுங்கிக் கிடந்தன. ஒரு சில்லில் இரண்டு எழுத்து தப்பிப் பிழைத்திருக்கும், இன்னொன்றில் மூன்று. அந்த எழுத்துகள் அதே வரிசையில் வரும் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் "சில்லெழுத்து" ஆட்டம். பொருள் தெரிய வேண்டியதில்லை. எங்களில் யாருக்கும் தெரியாது. 'என், க்யூ' கிடைத்தால் ஸ்டேஷனுக்கு ஓடி 'என்கொயரி' என்ற பலகையைக் காட்டுவோம். 'பி, எச்' என்றால் தபாலாபீசுச் சுவரில் 'டெலிகிராப்'. காட்டியவனுக்குச் சில்லு சொந்தம்.

'என், இசட்' மட்டும் யாருக்கும் படியவில்லை. தடித்த வெள்ளைச் சில்லு, நீல எழுத்து. மாதக்கணக்கில் அது துரைராசுவின் டிராயர் பையில் கிடந்தது. அவன்தான் எங்கள் தலைவன். எங்களைவிட ஒரு வகுப்பு மேலே, இரண்டு முறை அதே வகுப்பில். அதை அவிழ்ப்பவனே அடுத்த தலைவன் என்று அவனே அறிவித்திருந்தான்.

ஒரு விடியற்காலை பக்கத்து வீட்டு மல்லிகாவோடு ரயில்வே யார்டுக்குப் போனேன். நீராவி எஞ்சின்கள் கொட்டும் எரியாமல் மிஞ்சிய கரியைப் பொறுக்கி அடுப்புக்குக் கொண்டுபோவாள் அவள். அதைத் திருட்டு என்று சொல்லி, இன்னொரு முறை பிடித்தால் கேஸ் போடுவோம் என்று அவள் அம்மாவை ரயில்வே போலீஸ்காரர் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். ஓரத்துத் தண்டவாளத்தில் சர்க்கஸ் கம்பெனியின் வண்டி ஒன்று நின்றது. பெட்டியின் மேல் சிவப்பு எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சி, எச், ஐ, எம், பி, ஏ, என், இசட்... பிறகு இரண்டு 'ஈ'. அது 'சிம்பன்சி' என்று வாசிக்க அப்போது தெரியாது. கம்பி இடுக்கிலிருந்து கறுத்த கை ஒன்று வெளியே நீண்டு எங்களைப் பார்த்து விரலை மடக்கியது. மல்லிகா கூடையைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் மேட்டில் நின்று, சர்க்கஸ் வண்டியையும் குரங்குக் கையையும் சொல்லி, பத்து எழுத்தையும் ஒப்பித்தேன்.

"இன்னும் நாலு எழுத்து சேத்துக்கோடா, ரயிலு நீளமாத்தானே இருக்குது!" என்றான் துரைராசு. "எங்க, காட்டு."

மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் யார்டுக்கு ஓடினோம். தண்டவாளம் வெறுமையாக இருந்தது.

"கொரங்குக்குத் தனி வண்டியா? டிக்கெட்டு எடுத்துச்சா, இல்ல வித்தவுட்டா?"

"மல்லிகா பாத்தா. மல்லிகா, சொல்லு."

அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். துரைராசு கேட்டான், "ஏ புள்ள, காலையில நீ இங்க வந்தியா?" அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவள் பக்கத்து நியாயம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால் ஒன்றும் கசப்பு குறைந்துவிடவில்லை.

அன்று முதல் நான் "கொரங்கு ரயிலு". பட்டப்பெயர் மேட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வந்தது. பீங்கான் கம்பெனியில் ஸ்டோர் பார்த்த அப்பா சிரிக்கவில்லை. "கண்ணால பாத்தேன்னு சொல்லாத. கையில இருக்குதுன்னா சொல்லு" என்றார். கணக்கில் முதல் மார்க் என்றால், "எங்க, பேப்பரு?" பேப்பரைக் கொடுத்தால் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார்.

அடுத்த கோடையில் அம்மா குழாயடியில் வாய் கோணி விழுந்தாள். கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, "என்னா, இன்னொரு கொரங்கா?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கையிலிருந்த சரக்கை எடுத்துக்கொடுத்து, கையெழுத்து வாங்கி, பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அம்மா பிழைத்தாள், வலது கை மட்டும் கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் திரும்பியிருக்கும் என்று எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை. அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உத்தியோகத்தில் நான் பெயரெடுத்தது இதனால்தான். என் மேசையைத் தாண்டிய எந்தக் கோப்பும் இணைப்பு இல்லாமல் போனதில்லை. கண்ணீரோடு வந்தவர்களிடமும் சான்று கேட்டேன். நேர்மையானவர் என்றார்கள்.

போன வருடம் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்தில், மல்லிகா புதுச்சேரியில் மகனோடு இருப்பதாகத் தெரிந்து விலாசம் வாங்கினேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்: சர்க்கஸ் பெட்டியைத் தாங்கள் கண்டது உண்டா, இல்லையா. கீழே என் தொலைபேசி எண். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. முப்பது நாள் கழித்து நினைவூட்டு. பிறகு இரண்டாம் நினைவூட்டு.

இதற்குள் சில்லு மேட்டை மண் போட்டு நிரவி மனை பிரித்துவிட்டார்கள். மஞ்சள் கல் நட்டிருக்கிறது. கரி எஞ்சின் போய், அதைப் பொறுக்கும் கூடையும் போயிற்று. துரைராசு மங்கலம்பேட்டையில் கடை வைத்து, 'என், இசட்' சில்லை யாருக்கும் கொடுக்காமலே செத்துப்போனான். அப்பா அவனுக்கும் முன்னால் போய்விட்டார்.

பதில் கைப்பேசியில், குரலாக வந்தது.

"ஏன்டா சேகரு, மூணு ரிஜிஸ்டர் தபாலா போடுவ? கோர்ட்டு நோட்டீஸுன்னு எம் மருமவ பயந்து போயிட்டா. பாத்தேன்டா. அது இன்னொரு கையில வாழப்பழத் தோலு வச்சினு இருந்துச்சு, அதையும் பாத்தேன். இப்ப போயி யாருக்குடா காட்டப் போற?"

வாழைப்பழத் தோலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதில் கிடைக்கப்பெற்ற நாள்: மாசி மகத்துக்கு மறுநாள்.