நாகம்மாளின் முதல் ரவிக்கை

பருத்திப்பட்டு நாகம்மாளுக்கு ஒரு வியாதி இருந்தது. மருந்தில்லாத வியாதி. எதைப் பார்த்தாலும் அது ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. ஆவடி ஸ்டேஷனில் ரயில் எதற்காக இரண்டு தரம் ஊதுகிறது என்று கார்டையே மறித்துக் கேட்டவள். அவர் சொன்னது மனசுக்குப் பிடிக்காமல் எஞ்சின் ஓட்டுகிறவரிடம் ஓடியவள். ஏரி மதகில் தண்ணீர் எந்தப் பக்கமாகச் சுழிக்கிறது என்று குனிந்து பார்க்கப் போய், மூக்குத்தியைப் பறிகொடுத்துவிட்டு வந்து, "வலப்பக்கமாத்தான்யா சுத்துது" என்று புருஷனிடம் பெருமையாகச் சொன்னவள். அந்தப் புருஷன் வேம்புலி தங்கமான மனுஷன். தலையில் அடித்துக்கொண்டு உழப் போய்விட்டான்.

அப்பேர்ப்பட்டவள் யாரிடமும் கேட்காமல் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு. அது சிந்தாதிரிப்பேட்டைக் கல்யாண வீட்டில் முளைத்தது.

மாங்காட்டில் ஒன்றாகப் பிறந்து வளர்ந்தவர்கள் நாலு பேர்: நாகம்மாள், வரலட்சுமி, சொர்ணம், லத்தீஃபா. ஒன்றாகவே மாங்காய் திருடி ஒன்றாகவே உதைபட்டவர்கள். வாழ்க்கைப்பட்டதுதான் ஆளுக்கொரு திசை. வரலட்சுமிக்குப் பட்டணத்தில் பெரிய இடம் அமைந்தது. அவள் மூத்த மகள் கல்யாணத்துக்கு நாகம்மாள் ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு ஆசை ஆசையாகப் போனாள். ரவிக்கை கிடையாது. பருத்திப்பட்டில் அவள் வயசுப் பெண்கள் யாரும் போடுவதில்லை. மாராப்பை இழுத்து இடுப்பில் செருகினால் தீர்ந்தது. பந்தலில் நின்றவர்கள் அத்தனை பேரும் கைமுட்டுவரை ரவிக்கை போட்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் நாகம்மாளின் வெறும் தோளைப் பார்த்துவிட்டு, "நெல்லு குத்த வந்தவங்கள்லாம் பின்கட்டுப் பக்கம் போங்க" என்று கை காட்டினாள்.

வரலட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். அவள் கண் நாகம்மாள் பக்கம் வந்தது. வந்த கண் அப்படியே வேறு பக்கம் போய்விட்டது.

நாகம்மாள் பின்கட்டில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினாள். வேம்புலி கேட்டதற்கு, "கல்யாணம் ஜோரு" என்றாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? நாற்று நடும்போதும் இதே கேள்வி, மாடு கறக்கும்போதும் இதே கேள்வி. 'பார்த்திருக்க மாட்டா. அந்தக் கூட்டத்துல அவளுக்கு எங்க தெரியப் போவுது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி தலை தூக்கும்.

ஜார்ஜ் ராஜாவுக்கு ஜூபிலி கொண்டாடிய வருஷம், ஆனி மாதத்தில், வரலட்சுமியிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. மாங்காட்டுக் காமாட்சியம்மனைக் கும்பிட வருகிறாளாம், அப்படியே பழைய தோப்பிலே நாலு பேரும் கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். வந்தே தீர வேண்டுமாம்.

அன்று மத்தியானமே நாகம்மாள் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டாள். லத்தீஃபாவின் புருஷன் ஹாஜா மொய்தீன் அங்கே தையல்காரர். விஷயத்தை லத்தீஃபாவின் காதில் போட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரவிக்கையா? உனக்கா? இன்னாடி திடீர்னு?"

"தைச்சுக் குடுப்பியா, மாட்டியா? யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. சொர்ணத்துக்குக்கூடத் தெரியக் கூடாது, ஆமா."

ஏன் என்று லத்தீஃபாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வெறும் தோளைப் பார்த்துத்தானே வரலட்சுமிக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று? இந்தத் தடவை ரவிக்கையோடு போய் எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். பார்க்கவில்லை என்றால் கட்டிக்கொண்டு அழலாம். பார்த்தேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டியது. அதோடு முடிந்தது சிநேகிதம்.

லத்தீஃபா உள்ளே கூட்டிப்போய் அளவெடுத்தாள். அளவு கொடுத்த கையோடு கிளம்ப வேண்டியவள், தையல் மிஷின் ஓடுவதைப் பார்த்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாத்தே, மேல நூல்கண்டு கீது, சரி. கீழயிருந்து ஒரு நூலு வருதே, அதை யாரு குடுக்கறது?" ஹாஜா மொய்தீன் சிரித்துக்கொண்டே தகட்டை நகர்த்தி, உள்ளே போய் வந்துகொண்டிருந்த சின்னப் படகு போன்ற இரும்பைக் காட்டினார். நாகம்மாள் விளக்கு வைக்கும்வரை அங்கேயே பழியாய்க் கிடந்தாள்.

தைத்து முடித்த ரவிக்கையை லத்தீஃபா போட்டுப் பார்க்கச் சொன்னதற்கு, "ஊட்ல போய்ப் பாத்துக்கிறேன்" என்று மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. தோப்புக்குப் போகிற காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை விரித்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சீட்டித் துணி. ஒரு பக்கம் திறந்து கிடந்தது, வரிசையாகக் கொக்கிகள். இந்தத் திறப்பு முன்னாலா, பின்னாலா? அக்கம்பக்கத்தில் பார்த்ததெல்லாம் முன்னால் முடிச்சுப் போடுகிற பழைய ரவிக்கை. இது கொக்கி வைத்த புதுசு. குழந்தைகளுக்குப் போடுகிற கவுனில் பொத்தான் முதுகில்தானே இருக்கிறது? பட்டணத்துக்காரிகளின் முதுகை முந்தானை மூடியிருக்கிறது, அந்தச் சூட்சுமம் இதற்குத்தான் என்று தீர்மானித்தாள். யோசனை அத்தனையும் சரி, முடிவு மட்டும் தப்பு.

முதுகுக்குக் கை எட்டவில்லை. வேம்புலியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கலப்பை பிடித்த விரல் கொக்கியில் எங்கே நிற்கும்?

"இன்னாமே இது, மீன் முள்ளாட்டம் நழுவுது! தெனமும் இதை எவன் மாட்டி வுடுவான்?"

"பட்டணத்துல புருஷனுங்கதான் மாட்டி வுடுவாங்களாயிருக்கும். பேசாம மாட்டுய்யா."

வேம்புலி பட்டணத்துப் புருஷர்களுக்காக மனசாரப் பரிதாபப்பட்டான்.

மாட்டு வண்டியில் அவளைத் தோப்பு வாசலில் இறக்கிவிட்டு அவன் சந்தைக்குப் போய்விட்டான். வண்டியில் வந்த நேரம் பூராவும் அக்குள் பிடித்தது, கழுத்தை நெரித்தது. மூச்சை இழுத்து விடவே பயம். அழகாக இருப்பதற்கு இத்தனை அவஸ்தை எதற்கு என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் தலைநிமிர்ந்து நடந்தாள்.

மரத்தடியில் பாய் விரித்து லத்தீஃபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண்ணூர்பேட்டைச் சொர்ணம். சொர்ணத்தின் உடம்பிலும் அதே நீலம், அதே வெள்ளைப் புள்ளி!

"அடிப் பாவி! நீயுமா?"

"நீயுமா! யார்கிட்டயும் சொல்லாதேன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிகினேனே!"

"நான் யார்கிட்ட சொன்னேன்? ரெண்டு பேரும் மூச்சு வுடாதேன்னீங்க, நான் வுடல" என்றாள் லத்தீஃபா. அப்புறம் நாகம்மாளின் கழுத்தைப் பார்த்தாள், சுற்றிப்போய் முதுகைப் பார்த்தாள். "அல்லாவே! பின்னால முன்னாலயா போட்டுகினு வந்துகீறே நீ?"

மூவரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகள் பறந்துவிட்டன. மாற்றிப் போட்டுக்கொள்ள ஒரு மறைவு தேடுவதற்குள், தோப்பு வாசலில் குதிரை வண்டி வந்து நின்றுவிட்டது. நாகம்மாளுக்குச் சிரிப்பு அப்படியே வற்றிப்போயிற்று. முந்தானையால் முதுகைப் போர்த்திக்கொண்டாள்.

வண்டியிலிருந்து வரலட்சுமி இறங்கினாள். பட்டும் இல்லை, ரவிக்கையும் இல்லை. சாதா நூல்சேலையை மாங்காட்டுப் பெண்கள் கட்டுகிற மாதிரி மாராப்பு இழுத்துச் செருகியிருந்தாள். பழக்கம் விட்டுப்போனதால் தோளை ஒரு கையால் மறைத்துக்கொண்டே நடந்து வந்தாள். பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்குகளைச் சுமந்துகொண்டு வீட்டு வண்டிக்காரன் எத்திராஜ். வரலட்சுமியின் மாமியாருக்குக் கண்ணும் காதும் அவன்தான். பார்த்ததை ஒன்று விடாமல் போய் ஒப்பிப்பவன் என்று ஊரறியும்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். சொர்ணம்தான் முதலில் குபீரென்று சிரித்தாள். "நல்லா கீதுடி கூத்து! உனக்காக நாங்க இதுல மாட்டிகினு மூச்சு முட்டறோம், நீ அவுத்துப் போட்டுட்டு வந்துகீறே!"

இலை போட்டார்கள். வரலட்சுமி கொண்டுவந்த புளியோதரையும் வடையும், சொர்ணத்தின் மாங்காய்த் தொக்கு, லத்தீஃபா கிண்டிய சேமியா. திருடிய மாங்காய்க் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எத்திராஜ் சற்றுத் தள்ளி மரத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நாகம்மாளின் இலையில் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"துன்னுடி. இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள் வரலட்சுமி.

நாகம்மாள் நிமிர்ந்தாள். "வரா, உன்னை ஒண்ணு கேக்கணும். நீ ஏன் இன்னிக்கு இப்படி வந்தே?"

வரலட்சுமி இலையைப் பார்த்தாள். "உன்னாட்டம் வரணும்னுதான்."

"அப்படின்னா அன்னிக்குக் கல்யாணப் பந்தல்ல என்னைப் பாத்தியா?"

சொர்ணத்துக்கும் லத்தீஃபாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கை நின்றுவிட்டது.

"பாத்தேன்" என்றாள் வரலட்சுமி. "பாத்துட்டுத்தான் திரும்பிகினேன். பக்கத்துல மாமியாரு. அவ யாருன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு பயந்துட்டேன். நீ பின்கட்டுல துன்னுட்டுப் போனதும் தெரியும்."

எழுந்துவிட வேண்டும் என்றுதான் நாகம்மாள் வந்திருந்தாள். கால் எழவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இத்தினி நாளா நீ என்னைப் பாக்கலைன்னு எனக்கு நானே பொய் சொல்லிகினு, உன்னைக் காப்பாத்தி வச்சிருந்தேண்டி."

நாகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"சரி, ஒருவேளை உன் மாமியாரு கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்பே?"

"தெர்லடி. சத்தியமா தெர்ல."

"இப்பக் கேட்டா?"

வரலட்சுமி எழுந்தாள். தன் இலையை விட்டுவிட்டு வந்து நாகம்மாளின் இலைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தோளை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். "எத்திராஜ்! நல்லாப் பாத்துக்கோ. இவ பேரு நாகம்மா. பருத்திப்பட்டு. நாங்க கூடப் பொறக்காத பொறப்பு. ஊட்டுக்குப் போனதும், நான் இவ இலையில துன்னேன்னு என் மாமியாருகிட்ட சொல்லு. மறக்காம சொல்லணும்."

எத்திராஜ் சாய்ந்திருந்த மரத்தை விட்டு நிமிர்ந்தான். வரலட்சுமி நாகம்மாளின் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். பாதிச் சோறு மடியில் சிந்தியது.

நாகம்மாள் இலையிலிருந்த வடையைப் பிட்டு, பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"கோவம் போவலடி" என்றாள். "நாளைக்கும் இருக்கும். நீ துன்னு."