என் மாத்திரை, அவர் வயிறு

பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் கூடவே இன்னொரு மாத்திரை.

இன்று ஆம்பூரில் டாக்டரம்மாவிடம், "வயிறு எரியுது" என்றேன்.

"வயித்து மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"அது தீந்துபோச்சுன்னு இவர்தான் சொன்னாரு."

கணவர் நெளிந்தார். "நான்தான் போட்டுக்கினேன் மேடம். பாப்பாவப் பாக்க வர்றவங்க எல்லாம் பிரியாணியோட வர்றாங்க. இவ பத்தியம். நான்தானே சாப்பிடணும்? நெஞ்செரிச்சல் ஜாஸ்தியாயிடுச்சு."

"பிரசவம் இவங்களுக்கா, உங்களுக்கா? வலி மாத்திரைய மட்டும் முழுங்கினா அல்சர் வந்துடும்!"

எனக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். அவருக்கு ஒரு வாரம் பத்தியம்.

பாப்பாவைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வாரமே வந்துவிடுங்கள். பிரியாணியை மறக்க வேண்டாம். நீங்கள் அதைச் சாப்பிடும்போது, என் பத்தியத்துப் பூண்டுக் குழம்புச் சோற்றோடு எதிரில் அவர் உட்கார்ந்திருப்பார்.