சேலத்துக்கு மாறிப்போன செட்டர்

நாமக்கல் கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது வாலிபால் அணியில் நான்தான் செட்டர். ஓங்கி அடிப்பவனைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பவனை யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பந்து யாருக்கு என்று முடிவு செய்வது நான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. என் பந்துகளில் பாதிக்கு மேல், மோகனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இடதுகைக்காரனுக்குத்தான் போகும்.

ஒரு போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்த சேலத்துக் கல்லூரி பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன்னிடம் வந்தால் பல்கலைக்கழக அணிவரை கொண்டுபோவதாகச் சொன்னார். விளையாட்டுக்காரன் என்பதற்காகவே விடுதியில் இடமும் கிடைக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இடதுகைக்காரனிடம் சொன்னபோது, "அப்ப எனக்கு யாருடா தூக்கிக் குடுப்பா?" என்று மட்டும் கேட்டான்.

அப்பா நிலக்கடலைக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

"போறதுன்னாப் போ சாமி. பாதியில ஊட்டுக்குத் திரும்பி வந்து நிக்கக் கூடாது."

போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. என்னைக் கூட்டிவந்த பி.டி. சாருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. போகும்போது என் தோளைத் தட்டி, புதிதாக வருபவரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். புதியவருக்கு அப்படி எதுவும் நினைவில்லை. அணியில் ஏற்கெனவே ஒரு செட்டர் இருந்தான். என் வகுப்புதான். நல்ல ஆட்டக்காரன், குறை சொல்லவும் வழியில்லை. நான் வெளியே போன பந்துகளைப் பொறுக்கிப்போட்டேன்.

பழைய கல்லூரியில் போய்க் கேட்டேன். என் இடத்தில் வேறொருவனைச் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் சுற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். நாமக்கல் பஸ் அருகில் நிற்பேன். கண்டக்டர் ஏறச் சொன்னால் தலையாட்டிவிட்டு விடுதிக்கு நடப்பேன். மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போயாக வேண்டும்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "என்னைய டீம்ல இருந்து எடுத்துருங்க சார். படிக்கறதோட இருந்துக்கறேனுங்க."

புதிய பி.டி. சார் கோபப்படவில்லை. "எடுத்துரலாம்பா. ஆனா ஹாஸ்டல் ரூமையும் காலி பண்ணணும். யோசிச்சுக்க" என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? பந்து பொறுக்கப் போனேன்.

கடைசி வருஷம் நாமக்கல் அணி எங்கள் மைதானத்துக்கு விளையாட வந்தது. பாதி ஆட்டத்தில் எங்கள் செட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட, என்னை இறக்கினார்கள். என் கை மறந்துபோயிருந்தது. தூக்கிய பந்துகள் உயரமாகவோ தாழ்வாகவோ போயின. ஆனால் எதிரே இடதுகைக்காரன் எந்த மூலைக்கு அடிப்பான் என்பது அவன் ஓடிவரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தடுப்பவர்களுக்குச் சொன்னேன். அடுத்தடுத்து அவன் அடித்ததெல்லாம் அவன் காலடியிலேயே விழுந்தது. ஜெயித்தோம்.

தண்ணீர்க் குழாயடியில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ சொல்லித்தான தடுத்தாங்க?"

"ஆமா."

"ம். வேற யாருக்குத் தெரியும்" என்று முகம் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

பி.டி. சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குள் அந்தச் செட்டரின் கால் சரியாகிவிட்டது. நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். அன்றைக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனதும், எப்படி எழுதியிருக்கிறாய் என்று அப்பா கேட்டார். பாஸாகிவிடுவேன் என்றேன். ஆட்டத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆவணியில் நாமக்கல்லில் ஒரு லாரி டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.