பூண்டுத் தராசில் சித்தி

பூண்டு மூட்டைகளுக்கு நடுவே என் சித்தியைச் சக்கர நாற்காலியோடு தராசில் ஏற்றிய அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கீழே ஒரு கமிஷன் கடை. அங்கே தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தட்டில்தான் மேல்மலையிலிருந்து ஜீப்பில் வரும் பூண்டை நிறுப்பார்கள். உட்கார்ந்தே இருக்கிறவரை எடை பார்க்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. மருந்துக்கடை வாசலில் இருக்கிற மெஷினுக்கு ஏறி நிற்க ஆள் வேண்டும். யோசனை என்னுடையது. உடற்கல்விப் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குக் காத்திருந்த வருஷம் அது. கண்ணில் படுகிற எல்லோருக்கும் பயிற்சி சொல்லித்தர எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. முதலில் காலி நாற்காலியை நிறுத்தோம், பதினெட்டு கிலோ. பிறகு சித்தியோடு சேர்த்து. சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றாறு என்று வந்ததை நானே குனிந்து படித்தேன். எடை போடுகிற அண்ணன் மூட்டைக்குக் கட்டும் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்த ஊர்ச் சரக்குன்னு எழுதட்டும்?" என்றார். "சிலோன் தேயிலைண்ணே, பாத்து எறக்குங்க" என்றாள் சித்தி. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. இங்கேயே பிறந்த சித்திக்கும் அந்தப் பெருமை குறையவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருபத்து நான்கு வயதில், கேரட் கழுவும் வேலைக்குப் போய்த் திரும்பிய ஜீப் கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஜன்னலோரம்தான். அம்மாவுக்கு வருத்தத்தை வாயால் சொல்லத் தெரியாது, சமைக்கத்தான் தெரியும். தங்கையின் முகம் வாடினால் தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும் வரும். மழை பிடித்துக்கொண்டால் பால் விடாமல் சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்டீ வரும். கொடைக்கானலில் மழை எப்போது பிடிக்காமல் இருக்கிறது? சித்தியின் எடை ஏற ஏற, அவளை அக்குளில் கைகொடுத்துக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் தூக்கிப்போடும் அம்மாவின் இடுப்பு விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சித்தி தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அக்காவை இன்னொரு தடவை கூப்பிடக் கூடாது என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பில் போடும் வேலையைக் கற்றுக்கொண்டவளுக்கு, அந்த ஆவணியில் பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. தைப்பூசக் கூட்டத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும். பக்கத்திலேயே பெண்கள் விடுதி, தரைத்தளத்தில் அறை. விடுதி நடத்தும் பெண்மணி போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கட்டிலில் தானாக ஏறி இறங்கிக்கொள்ள முடியுமா? தூக்கிவிட அங்கே ஆள் கிடையாது. "அதெல்லாம் நானே ஏறிக்குவேங்க" என்று சித்தி பளிச்சென்று சொன்னாள். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே, பொய் சொல்லிட்டேன். தைக்குள்ள அதை நெசமாக்கணும்."

இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தானே நான் காத்திருந்தேன். அன்றைக்கே ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஓட்டப் பந்தயக்காரர்களுக்கு எங்கள் கல்லூரியில் கொடுத்த சாப்பாட்டுத் திட்டத்தைப் பாதியாக வெட்டி அவளுக்குக் கொடுத்தேன். ஓடாதவளுக்கு ஏன் ஓட்டக்காரன் சாப்பாடு என்று நானும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ரொட்டியை நிறுத்தியதற்காக அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் தராசில் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நான் நிற்க, எடைக்கார அண்ணன் சத்தமாகச் சொன்னார், தொண்ணூற்று நாலு. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ. தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த வாரமும் தொண்ணூற்று நாலு. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்று மூன்றரை.

ஐந்தாவது வாரம் தற்செயலாக முன்பக்கம் வந்து நானே எழுத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்தரை என்று இருந்தது. அண்ணன் தொண்ணூற்று மூன்றரை என்றார். கேட்டதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பூண்டு மூட்டையில் ஒட்டி வரும் மண்ணுக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துச் சொல்வது அந்தக் கடை வழக்கம். நாள் முழுக்கக் கழித்துச் சொல்லியே பழகின வாய், சித்திக்கும் கழித்திருக்கிறது. ஒரு மாதத்தில் உண்மையாகக் குறைந்தது அரைக் கிலோதான். எனக்கு முகம் செத்துவிட்டது. சித்தியோ நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். "மண்ணுக்குக் கழிச்சது சரிண்ணே, மருமகன் பேச்சுக்கு எம்புட்டுக் கழிப்பீக?" மருமகன் இல்லை, நான் அவளுக்கு மகன் முறை. வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள். ஒரு மாதமாக அதிகாரம் பண்ணினேன் அல்லவா.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழிக்கச் சொன்னாள். "நான் என்ன சந்தைக்கா போறேன், எடை பாக்க? கட்டில்ல ஏறணும். அம்புட்டுத்தான் சோலி." மிஷன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்மணியிடம் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பாதிச் சாப்பாட்டுக் கதையைக் கேட்டு அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். சக்கர நாற்காலிக்காரிக்குத் தோள்தான் காலும் கையும், அதைப் பட்டினி போட்டால் எதை வைத்து ஏறுவாள் என்றார். முட்டையும் பயறும் கீரையும் குறையக் கூடாது, சீனியும் எண்ணெயும்தான் குறைய வேண்டும். ஒருநாள் பயிற்சி, ஒருநாள் ஓய்வு. அரைமணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினால் தோளும் வலுக்கும், உட்கார்ந்த இடத்தில் புண்ணும் வராது. உணர்வில்லாத தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். நான் எழுதிக்கொண்டேன்.

மீதியைச் செய்தது எங்கள் தெரு. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற அந்தச் சரிவை நடந்து ஏறுகிறவர்களே பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். சித்தி சக்கரத்தைத் தள்ளி ஏறுவாள். லோடு லாரி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதுபோல, அவள் ஒவ்வொரு தள்ளுக்கும் ஓய்கிற நொடியில் நான் கட்டை கொடுப்பேன். முதல் நாள் ஐந்து தள்ளு. ஐப்பசியில் கரண்ட் கம்பம் வரை. டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள், "அக்கா, ஃபர்ஸ்ட் கியர்லயே ஏறுங்க" என்பார்கள். "வண்டி நல்ல வண்டிதாண்ணே, கிளீனர்தான் மட்டம்" என்பாள். கார்த்திகையில் ஒருநாள் மூடுபனிக்குள்ளிருந்து மெயின் ரோட்டில் அவள் தலை மட்டும் தெரிந்தபோது, ஸ்டாண்டே ஹாரன் அடித்தது. நான் கட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

ஆனால் கட்டில் மசியவில்லை. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பாலம்போல வைக்க ஒரு வழுவழுப்பான சில்வர் ஓக் பலகை செய்திருந்தோம். பாதியில் வழுக்கி இரண்டு தடவை கீழே விழுந்தாள். இரண்டாவது தடவை அம்மா தலையிலடித்துக்கொண்டு, பழனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் இருக்கிறவரை தூக்குவேன் என்று அழுதாள். தரையில் கிடந்தபடியே சித்தி நிதானமாகக் கேட்டாள்: "அதுக்கப்புறம், அக்கா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தங்கையின் தட்டுக்குக் கூடுதலாக ஒரு முட்டை வந்தது.

மார்கழி கடைசியில் ஒருநாள் வெள்ளனே அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "நீயா தூக்கி வச்ச?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால், கட்டில் காலியாக இருந்தது. சித்தி தலை சீவி, ஸ்வெட்டர் போட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. அத்தனை மாதம் கூடவே நின்ற நான் போர்வைக்குள் கிடந்தேன். திரும்ப ஒருதரம் செய்து காட்டச் சொன்னேன். "வித்தை காட்டவாலே ஏறினேன்? வெரசா போய்ப் பையை எடு, துணி அடுக்கணும்" என்றாள்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. விடுதியை விட்டு, இப்போது பழனியில் கிரிவீதிக்குப் பக்கம் தனி வீடு எடுத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்கார அம்மா, "மலையைச் சுத்தப் போயிருக்காக, தெனமும் போவாக" என்றார். காவடிக்காரர்களோடும் வெறுங்காலோடு நடக்கிறவர்களோடும் சேர்ந்து, அடிவாரத்துக் கிரிவீதிச் சமதளத்தில், கட்டை கொடுக்க ஒருவரும் இல்லாமல். போன் அடித்தேன். எடுத்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"சொல்லாம வந்தா இப்பிடித்தான். இன்னும் ஒரு சுத்து பாக்கி கெடக்கு. இரு."

அவளுக்காக வாசலில் போட்டிருந்த சிமெண்ட் சரிவில் உட்கார்ந்தேன். எட்டு வருஷம் ஜன்னலோரம் நாங்கள் எப்போது வருவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்காக, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.