வெட்டிய ஓலைகள்

மலேசியாவின் பாடாங் செராயில் பெரியப்பா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், கூரையை ஒட்டி, நீளமான அலுமினியக் கம்பில் கட்டிய அரிவாள் ஒன்று தொங்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஓய்வுபெறும்வரை அவர் குலை வெட்டியது அதைக் கொண்டுதான். தோட்டத்தை விட்டு வந்தபின் அதற்கு மிஞ்சியது ஒரு மரம்: வாசற்கதவருகே நின்ற அலங்காரப் பனை. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், நட்டது. மரம் தலைக்குமேல் வளர்ந்த சமயம், கூலிம் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போன அண்ணன் விபத்தில் சிக்கி, உயிரோடு திரும்பி வரவில்லை. அதன்பின் அந்த மரத்தில் ஒரு மஞ்சள் ஓலையை யாரும் பார்த்ததில்லை. நிறம் மாறத் தொடங்கியதுமே பெரியப்பா வெட்டிவிடுவார்.

நான் உர ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு அவர் என்னை அழைத்தார். “குருத்து சுருங்கி சுருங்கி வருதும்மா. நீதான் ஓலை டாக்டராச்சே, வந்து பாரு லா.”

ஓலை பார்க்க எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடி ஓலை, பிறகு குருத்து, கடைசியில் தண்டு. குருத்து மட்டும் நெளிந்தால் போரான் குறைவு. அடி ஓலையின் ஓரம் மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக நின்றால் மெக்னீசியம். அங்கே பார்ப்பதற்கு அடி ஓலையே இல்லை. உச்சியில் நாலைந்து குட்டை ஓலைகள். அவற்றின் கீழே தண்டு பென்சில் முனைபோல் ஒடுங்கியிருந்தது. வெட்டியவை எங்கே என்று கேட்டேன். தோட்டத்தில் மர வரிசைகளுக்கிடையே அடுக்குவதுபோலவே, வீட்டுக்குப் பின்னால் மட்டைகளை ஒரே பக்கமாக வைத்து அடுக்கியிருந்தார். மேலே கிடந்ததை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஓலை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். பொட்டாஷ் பற்றாக்குறை. மண்ணில் அது கிடைக்காதபோது பனை தன் பழைய ஓலைகளிலிருந்து உறிஞ்சித்தான் குருத்துக்கு அனுப்பும்.

“இனிமே வெட்டாதீங்க பெரியப்பா. உரம் நான் கொண்டு வரேன்.”

“மஞ்ச ஓலைய விட்டு வச்சா மண்டோர் சும்மா விடுவானா? நாள் சம்பளத்துல கை வச்சிருவான் லா” என்று, பழைய தோட்டக் கண்காணியை நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஏம்மா, நான் வெட்டுனதாலயா?”

கதவோரம் நின்ற பெரியம்மா, சொல்லாதே என்று தலையசைத்தார். பழியை மண்மேல் போட்டிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் அரிவாள் அவர் கையில் இருந்தது; சொல்லாவிட்டால் மறுபடியும் வெட்டுவார்.

“மண்ணுல சத்து இல்ல பெரியப்பா. வெட்ட வெட்ட இருந்ததும் போயிருச்சு.”

அவர் அரிவாளைத் துடைத்து மாட்டினார். கை கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

உரம் போட்டோம். பனைக்கு உயிர் ஒரே குருத்தில். அது போனால் பக்கத்தில் இன்னொன்று முளைக்காது. மழைக்காலம் முடியுமுன், தொட்டதும் குருத்து கையோடு வந்துவிட்டது.

நேற்றுப் போயிருந்தேன். கடைசி ஓலை காய்ந்து தொங்கி, காற்றில் வாசற்கதவை உரசிக்கொண்டிருந்தது.

“அதையாச்சும் வெட்டுங்களேன். சத்தம் தாங்கல” என்றார் பெரியம்மா.

“இருக்கட்டும்” என்றார் பெரியப்பா, நிமிர்ந்து பார்க்காமலே.

அரிவாள் கூரையோரம் அதே இடத்தில்தான் தொங்கியது. அதன் வாயில் துரு ஏறியிருந்தது.