சாயம் படாத பாவாடை

பேத்தியின் பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை வருகிறது, ஆபீஸில் லீவு கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் எம்.காம். நான் அஞ்சாங்கிளாஸ். ஆனால் செம்பூரில் மூன்று இட்லி மாவுக்கடை என் பெயரில் ஓடுகிறது. அவள் சம்பளம் வாங்கும் ஆபீஸின் கேன்டீனுக்கே என் மாவுதான் போகிறது. அதனால் தைரியமாகச் சொன்னேன்: "பொறந்தநாளத் தள்ளி வைக்கிற வித்தையக் கண்டுபிடிச்சதே எங்க வீடுதாம்மா."

பொய்யில்லை. பம்பாய் மாட்டுங்காவில் லேபர் கேம்ப் என்னும் குடிசைப் பகுதியில் எங்களுடையது இட்லி வீடு. அம்மா மாவாட்டி அவித்துக் கொடுப்பாள். அப்பா அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி, ரயில் பிடித்து, கோட்டைப் பக்கம் ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் ஒரு வாதாம் மரத்தடியில் நின்று விற்பார். பம்பாயில் அப்பாவுக்கு இருந்த ஒரே சொத்து அந்த மரத்தடி. வேலை நாளில் அதைக் காலியாக விட்டால் வேறு ஆள் வந்து பாத்திரத்தை இறக்கிவிடுவான். அதனால் காய்ச்சலென்றாலும் போவார். ஞாயிற்றுக்கிழமையானால் தெருத்தெருவாக விற்கப் போய்விடுவார். ஆபீஸ் மூடிக்கிடக்கும் பண்டிகை நாட்களில்தான் வீட்டில் இருப்பார்.

ஆகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்குப் பிறந்திருந்தாலும் பக்கத்தில் வரும் விடுமுறைக்கு நகர்த்தப்பட்டோம். அண்ணனைச் சுதந்திர தினத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுவதே தனக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். தம்பிக்குப் பிள்ளையார் சதுர்த்தி. மேளமும் கொழுக்கட்டையும் சும்மா கிடைத்தன. எனக்கு வாய்த்தது ஹோலி.

ஹோலியன்று பம்பாயில் யாரும் நல்ல துணி உடுத்த மாட்டார்கள். இருப்பதிலேயே கிழிந்ததைத் தேடி மாட்டுவார்கள். பிறந்தநாளுக்கென்று ஆக மட்டமான பாவாடையைக் கட்டிய ஒரே பெண் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அண்ணன் வேறு, "ஏட்டி, பொறந்தநாளு ஒனக்கா, இல்ல அந்தக் கரித்துணிக்கா?" என்று கேட்பான்.

எட்டோ ஒன்பதோ வயதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹோலிச் சாயம் சொட்டச் சொட்ட வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். நான் நிஜமாகப் பிறந்த நாளில்தான் எனக்குப் பிறந்தநாள் வேண்டும், புதுப் பாவாடை வேண்டும், அன்றைக்கு அப்பாவும் வேண்டும் என்று ஒரே அழுகை.

"ஏட்டி, அது வியாழக்கெழமைல்லா வருது," என்றாள் அம்மா. "ஒங்கப்பா யாவாரத்த விட்டுட்டு இங்கன உக்காந்திருந்தா, எவனாவது மரத்தடி ஜாகாவப் புடிச்சிருவான்."

அப்பாவின் ஒரு காது பச்சையாகவும் மறு காது சிவப்பாகவும் இருந்தது. சிரித்தார். "விடுட்டி. பிள்ள ஆசப்பட்டுக் கேக்கால்லா. ஒரு நாளுதான."

தினமும் அரைத்தூக்கத்தில் அப்பாவின் ஹாரன் எனக்குக் கேட்கும். ரப்பர் உருண்டையை அமுக்கினால் பாம் பாம் என்னும் இட்லிக்காரர் ஹாரன். சந்து முனையில் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது எங்களுக்காக ஒரு தரம் அடித்துவிட்டுப் போவார். அந்த வியாழக்கிழமை அது கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் வெயில். வெயிலுக்குள் அப்பா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இட்லி ஆவி இல்லாத எங்கள் வீடு யாரோ வேறு ஆட்கள் வீடு மாதிரி பெரிதாக இருந்தது.

கிளிப்பச்சைப் பாவாடை. கட்டிக்கொண்டு நான் நடந்தால் அது எனக்கு முன்னால் நடந்தது. கடல் பார்க்கலாம் என்று அப்பா என்னை மட்டும் கூட்டிப்போனார். ரயிலில் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் சும்மா போனோம். இறங்கி நடக்கும்போதும் அப்பா கழுத்தை அசைக்காமல்தான் நடந்தார். அவ்வப்போது அவர் கை தானாகத் தலைக்கு மேலே போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கும். எனக்குச் சிரிப்பாக வந்தது. நானும் கையைத் தூக்கித் தூக்கி நடந்தேன். எங்கள் தலைக்கு மேலே புறாக்கள் வட்டமடித்தன. பாவாடைக்குள் காற்று புகுந்தது. நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை.

கோட்டையில் ஒரு ஆபீஸ்காரர் நின்று, "அரே அண்ணா, ஆஜ் இட்லி நஹீ?" என்று இன்றைக்கு இட்லி இல்லையா எனக் கேட்டார்.

"பேட்டி கா பர்த்டே, சாப்," மகளுக்குப் பிறந்தநாள் என்றார் அப்பா, என்னவோ நானே அந்த ஊர் கவர்னர் மாதிரி.

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, தெருக்கோடிப் பக்கம் மோவாயால் காட்டினார். அங்கே வாதாம் மரத்தடியில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம். பாம் பாம் என்று சத்தம்.

"யப்பா, நம்ம ஹாரன் மாதியே இருக்கு!" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கடலு இந்தப் பக்கம்ட்டி."

கடலை நான் அதற்கு முன்பு அத்தனை பெரிதாகப் பார்த்ததில்லை, இன்றுவரை பார்த்ததும் இல்லை. கல்லின்மேல் ஏறி நின்றேன். பாவாடையில் ஒரு துளி நீர்கூடப் படாமல் அப்பா என் முன்னால் நின்று அலையை எல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். சாயம் படாத அந்தப் பாவாடையோடு அன்றைக்கு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அரைத்தூக்கத்தில் ஹாரன் கேட்டது. ஸ்டேஷன் பக்கமிருந்து அல்ல, ஆபீஸே இல்லாத கோவண்டிக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கமிருந்து. அதற்கு அடுத்த நாளும் அங்கிருந்துதான். பிறகு எப்போதுமே அங்கிருந்துதான்.

என் பிறந்தநாளைச் சரியான நாளில் வைத்ததால் எங்கப்பாவுக்குப் புது ஊரே கிடைத்துவிட்டது என்று பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு சந்து முழுக்கப் பெருமையடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் குழவியை நிறுத்திவிட்டு, மாவுக்கையோடு என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவாடை எனக்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது போல என்று நினைத்து, அவள் முன்னால் இன்னும் ஒருமுறை சுற்றிக் காட்டினேன்.